பென்டக்கிளுக்குத் தமிழில் என்ன

ஸ்கூடாய் பக்கத்தில் ஒரு தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. அங்கே தன் வீட்டு மாடியறையில், சன்னலோரம் மேசை போட்டு, பதினெட்டு வருஷமாக வாசுகி சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத் தொடர்கள் ஓடும்போது திரையின் அடியில் வந்து மறையும் தமிழ் வரிகள் அவளுடையவை. கோலாலம்பூரிலிருக்கும் ஒரு சிறு நிறுவனம் வேலையை அனுப்பும். இவள் முடித்துத் திருப்பி அனுப்புவாள். ஒரே சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் நிற்கக்கூடாது. அந்த இரண்டு வரிக்குள் கொலைகாரன் மிரட்ட வேண்டும், தாய் அழ வேண்டும், வக்கீல் வாதாட வேண்டும்.

அதற்கு முன்பு எட்டு வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். பத்திரிகையில் வந்த ஒரு சிறு விளம்பரத்தைப் பார்த்து, பரீட்சை எழுதி, எழுதிய நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் தேர்வானாள். தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் ‘தமிழ் வரிகள்: வாசுகி’ என்று இரண்டு நொடி வரும். அவள் கணவன் செல்வா, சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்தின் ஓட்டுநர். படம் முழுக்கத் தூங்கினாலும் அந்த இரண்டு நொடிக்கு எழுந்துவிடுவார்.

அந்த வேலையில் தனக்கு மேல் ஒருவர் உண்டு என்று வாசுகி நினைத்ததில்லை. நினைக்க வேண்டிய தேவையும் வரவில்லை, ஷிரீன் வரும்வரை.

ஷிரீனை அழைத்து வந்ததே வாசுகிதான். இருவரும் லாபிஸில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாசுகியின் அப்பா தோட்டத்தில் வேலை செய்தார். ஷிரீனின் வாப்பா ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தமிழில் எப்போதும் வாசுகி முதல், ஷிரீன் இரண்டாவது. பள்ளி முடிந்ததும் ஷிரீன் அப்துல் பாசித்தைக் கட்டிக்கொண்டு மெர்சிங் போனாள். படகுத்துறைக்குப் பக்கத்தில் அவருக்கும் சாப்பாட்டுக் கடைதான். இருபத்தைந்து வருஷம் இருவருக்கும் தொடர்பே இல்லை. பிறகு குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் சந்தித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், பகலில் கை சும்மா இருக்கிறது என்று ஷிரீன் சொன்னாள். வாசுகி மனம் இளகி, நிறுவனத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ரூபேந்திரனிடம் அவள் பெயரைச் சொன்னாள். தமிழ் நன்றாக வரும், கொஞ்சம் பழக்கினால் போதும் என்றாள்.

பழக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதத்தில் ரூபேந்திரன் ஷிரீனின் வரிகளைக் குழுவுக்கு எடுத்துக்காட்டாக அனுப்பத் தொடங்கினான். அதில் ஒன்றை வாசுகியால் மறக்கவே முடியவில்லை. சாகக் கிடக்கும் அப்பாவிடம் மகன், அவர் போன பிறகும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆங்கிலத்தில் சொல்லும் காட்சி. தானாக இருந்தால் ‘நான் நன்றாக இருப்பேன்’ என்று எழுதியிருப்போம் என்று வாசுகிக்குத் தெரியும். ஷிரீன் எழுதியிருந்தது, ‘நான் பாத்துக்கிறேம்ப்பா’. வாசுகி அதை ஏழெட்டு முறை படித்தாள். கணினியை மூடிவிட்டு, துணி காயப்போடக் கீழே போனாள். ஈரச் சட்டையை உதறிய உதறலில் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

அன்று முதல் அவளுக்கு ஒரு நோய் போலப் பிடித்துக்கொண்டது. ரூபேந்திரன் தொலைபேசியில் பேசினால், அடுத்த வாக்கியத்தில் ஷிரீன் பெயர் வருமா என்று காத்திருப்பாள். வந்தால் பேச்சைச் சுருக்கிக்கொண்டு வைத்துவிடுவாள். வராவிட்டால், வேண்டுமென்றே மறைக்கிறான் என்று தோன்றும். ஷிரீன் எழுதிய பாகங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள், தவறு கண்டுபிடிக்க. தவறு கிடைக்காத நாளில் செல்வாவிடம் சிடுசிடுத்தாள். வேலை அதிகமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

மூன்றாவது வருஷ முடிவில் ஷிரீனை நிறுவனத்தின் சொற்பட்டியலுக்குப் பொறுப்பாக்கினார்கள். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று முடிவுசெய்து, எல்லாரும் ஒரே மாதிரி எழுதப் பார்த்துக்கொள்வது அந்தப் பொறுப்பு. பதினெட்டு வருஷம் இருந்தவள் இருக்க, மூன்று வருஷத்துக்காரிக்குப் போனது. குழுவில் வாசுகி ‘வாழ்த்துகள்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டாள். அந்தப் பூவைத் தேடிப் போட்ட விரலை அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் தொடர் வந்தது. பிரான்சில் ஒரு பழைய வீடு, அதில் நூறு வருஷத்துக்கு முன்னால் மாந்திரீகம் செய்த ஒரு கிழவி, வீட்டை வாங்க வரும் இளம் தம்பதி. மொத்தம் பன்னிரண்டு பாகம். முதல் ஆறு வாசுகிக்கு, மீதி ஆறு ஷிரீனுக்கு. முதல் பாகத்திலேயே கிழவி தன் கழுத்தில் தொங்கும் ஈயத் தகட்டைப் பிடித்துக்கொண்டு, ‘என் பென்டக்கிளைத் தொடாதே’ என்கிறாள். தகட்டில் என்ன கீறியிருக்கிறது என்று அந்தக் காட்சியில் தெரியாது, கிழவியின் விரல்கள் மறைக்கும்.

வாசுகி யோசிக்கவே இல்லை. பென்டா என்றால் ஐந்து. ஐந்துமுனை நட்சத்திரம். விண்மீன் என்று போடலாமா என்று மட்டும் ஒரு நிமிடம் பார்த்தாள். மின்னுவதால் மீன் என்று ஆன சொல், அவளுக்குப் பிடித்த சொல்தான். ஆனால் ஓடும் வரியில் ‘மீன்’ என்பதைப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சந்தைதான் ஞாபகம் வரும். ஐந்துமுனை நட்சத்திரமே இருக்கட்டும் என்று சொற்பட்டியலிலும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

நான்கு நாள் கழித்துச் சொற்பட்டியலைத் திறந்தபோது அவளுடைய சொல் அங்கே இல்லை. அதன் இடத்தில் ‘தாயத்து’ என்று இருந்தது. பக்கத்தில் ஷிரீனின் குறிப்பு: ‘எல்லாப் பாகத்துக்கும் இதுவே பொருந்தும். ஒன்பதாம் பாகம் பார்க்கவும்.’

வாசுகி ஒன்பதாம் பாகத்தைப் பார்க்கவில்லை. பார் என்று ஷிரீன் சொல்லி, தான் பார்ப்பதா என்ற எண்ணத்தில் பார்க்கவில்லை. அன்று காலை சாப்பிடக்கூட இறங்காமல் ரூபேந்திரனுக்கு ஒரு நீண்ட கடிதம் தட்டினாள். பென்டா என்றால் ஐந்து என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், அந்த ஐந்தையே தூக்கி எறிந்துவிட்டு ஒரு மொழிபெயர்ப்பா என்று கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘தாயத்து என்பது அவங்க வீட்டுச் சொல். எல்லாருக்கும் பொதுவான சொல்லைப் போடுவதுதான் முறை.’ அந்த வரியை எழுதும்போதே அது எதைக் குத்துகிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு முறை அழித்தாள். மூன்றாவது முறை அழிக்காமல் அனுப்பினாள்.

ரூபேந்திரன் முப்பது வயதுக்காரன், சண்டை என்றால் ஓடுகிறவன். மறுநாள் அழைத்தான்.

“அக்கா, நீங்கதான் சீனியர். அந்தச் சொல்லு எங்கருந்து வந்துச்சு, என்னா அர்த்தம்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. அத வச்சு நான் முடிவு பண்ணிடுறேன். ஷிரீன் அக்காகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க.”

ஷிரீன் சரி என்றது வாசுகிக்கு ஆறுதலாக இல்லை. வாதாடாமல் விடுகிறாளே, அவ்வளவு நிச்சயமா அவளுக்கு என்று எரிச்சல் வந்தது. அரைப் பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கம் எழுதி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று தீர்மானித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பார்வையாளர் அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆங்கிலச் சொற்களின் வரலாறு சொல்லும் பெரிய அகராதிகள் மூன்றாம் மாடியில் இருந்தன. முதலில் அவள் தேடியது பென்டாகிராம். அது அவள் பக்கம் உறுதியாக நின்றது. கிரேக்கத்தில் ஐந்து, கோடு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. கையெடுக்காமல் ஐந்து கோடு இழுத்துப் போடும் நட்சத்திரம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டாள்.

பிறகு பென்டக்கிள். முதல் வரி அவளுக்குச் சாதகமாகவே இருந்தது. கிரேக்க ‘பென்டே’யோடு, சிறியது என்று காட்டும் ஒரு லத்தீன் விகுதி ஒட்டியிருக்கலாம் என்றது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லைத் தாண்டி அவள் கீழே போனாள். கீழே இன்னொன்று இருந்தது. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் ‘பென்டகோல்’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. கழுத்தில் அணியும் காப்புப் பொருளுக்குப் பெயர். தொங்குவது, கழுத்து என்ற சொற்கள் சேர்ந்து உண்டானது. அதில் ஐந்தும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அதற்கும் கீழே, மாந்திரீக நூல்களில் இந்தச் சொல் ஐந்துமுனைக்கு மட்டுமில்லாமல் ஆறுமுனை நட்சத்திரத்துக்கும் வேறு சின்னங்களுக்கும்கூட வழங்கியது என்று இருந்தது.

கழுத்தில் தொங்கும் காப்பு. வாசுகி அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தாள். நூலகத்தின் குளிரில் அவள் காது மட்டும் சூடாக இருந்தது. ஷிரீன் இந்த அகராதியைப் பார்த்திருக்க முடியாது, மெர்சிங்கில் இது எங்கே கிடைக்கும். பார்க்காமலே, கிழவியின் கழுத்தையும் கையையும் பார்த்தே அந்தச் சொல்லை எடுத்திருக்கிறாள். தான் படித்துத் தேட வேண்டியதை அவள் சும்மா கண்ணால் பிடித்துவிட்டாள். அதுதான் வாசுகியால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குறிப்பை எழுதினாள். கிரேக்க ஐந்தை எழுதினாள், லத்தீன் விகுதியை எழுதினாள். பென்டாகிராமைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதினாள். ‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டாள். பென்டகோலை எழுதவில்லை. ஆறுமுனையையும் எழுதவில்லை. அவள் எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரூபேந்திரன் நன்றி சொல்லிவிட்டு, பன்னிரண்டு பாகத்துக்கும் ஐந்துமுனை நட்சத்திரம் என்று முடிவுசெய்தான். முடிவு எதுவானாலும் சரி என்று முன்பே சொல்லியிருந்த ஷிரீன், வாதாடாமல் தன் ஆறு பாகங்களிலும் தாயத்தை எடுத்துவிட்டு வாசுகியின் சொல்லைப் போட்டுக் கொடுத்தாள். அன்று வாசுகி செல்வாவுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் செய்தாள். அவளுக்குத்தான் ருசிக்கவில்லை.

தொடர் வெளியான மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரோ ஒருவர் ஒன்பதாம் பாகத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து வலைத்தளத்தில் போட்டிருந்தார். இளம் கணவன் தோட்டத்தைத் தோண்டி அந்த ஈயத் தகட்டை எடுத்து வெயிலில் காட்டுகிறான். திரை முழுக்கத் தகடு. அதில் பளிச்சென்று ஆறு முனை. அடியில், ‘இந்த ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பார்!’ படம் போட்டவர் ஒவ்வொரு முனைக்கும் சிவப்பில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, தமிழ் எழுதினவங்களுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்டிருந்தார். கூடவே பாகத்தின் கடைசியில் வரும் பெயரையும் ஒட்டியிருந்தார். ‘தமிழ் வரிகள்: ஷிரீன்’.

இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். கடைக்காரர் பெண்டாட்டிக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் கணக்கு வராதா என்று மெர்சிங்கைத் தெரிந்த ஒருவரே எழுதினார்.

வாசுகி அதைப் பார்த்த முதல் கணத்தில் அவளுக்குள் எழுந்தது சந்தோஷம். அதை அவள் பின்னாளில் செல்வாவிடம் ஒப்புக்கொண்டாள். ஒரு கணம்தான், ஆனால் சுத்தமான சந்தோஷம். ஷிரீனுக்கும் ஒரு முறை விழுந்ததே என்று. அடுத்த கணம் அந்தச் சொல் யாருடையது என்பது உறைத்தது. ரூபேந்திரன் அழைப்பான், ஷிரீன் தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தாள். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. நிறுவனம் ஷிரீனிடமிருந்து சொற்பட்டியலை எடுத்துவிட்டது, அடுத்த தொடரையும் கொடுக்கவில்லை. சொல்லைத் தீர்மானித்தது தான் என்று ரூபேந்திரன் மேலிடத்தில் சொல்லவில்லை, ஷிரீனும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை செல்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

“அந்தப் புள்ளயக் கொண்டாந்து விட்டதே நீதான வாசுகி,” என்றார்.

அவள் காரை எடுத்துக்கொண்டு கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போனாள். வழி நெடுக என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். எல்லா வாக்கியத்திலும் தன் பக்கம் ஒரு நியாயம் ஒட்டிக்கொண்டே வந்தது. படகுத்துறைக் கடையில் தீவுக்குப் போகிறவர்கள் கடல் தண்ணீர் ஏறிப் படகு கிளம்பக் காத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்துல் பாசித் அவளைப் பார்த்ததும், “வாங்க வாங்க,” என்று வழக்கம் போலவே வரவேற்று, உள்ளே குரல் கொடுத்துவிட்டு, பால் தேநீரை நுரைக்க இழுத்துத் தேத்தாரே ஆற்றப் போனார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று வாசுகிக்குப் புரியவில்லை.

ஷிரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். வாசுகி அமைத்து வந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, நூலகத்தில் படித்ததை முழுவதும் சொன்னாள். பென்டகோலையும் சொன்னாள், அதைத் தான் எழுதாமல் விட்டதையும் சொன்னாள். ஷிரீன் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், தொங்குறதுன்னா அர்த்தம், அப்படியா என்று மட்டும், ஒரு நல்ல சேதி கேட்டவள் போலக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“நட்சத்திரத்துக்கு நான் வருத்தப்படல வாசு. அது வேலை. நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன். ஆனா ‘அவங்க வீட்டுச் சொல்லு’ன்னு எழுதியிருந்தியே. ரூபேன் உன் லெட்டர அப்படியே எனக்கு அனுப்பிட்டான்.”

வாசுகி மேசையைப் பார்த்தாள்.

“எஸ்பிஎம் பரீட்சை எழுதுறப்ப உன் கையில கறுப்புக் கயித்துல ஒண்ணு கட்டியிருந்த. உங்கம்மா கட்டிவிட்டது. அதுக்குப் பேரு என்னா?”

“தாயத்து,” என்றாள் வாசுகி.

“அப்ப அது யாரு வீட்டுச் சொல்லு?”

பக்கத்து மேசையில் படகுக்காரன் வந்து தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்ல, எல்லாரும் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஷிரீன் எழுந்து அவர்கள் விட்டுப்போன தட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு வந்தாள். பிறகு வாசுகி, “எனக்கு உன்மேல பொறாம ஷிரீன். மூணு வருசமா. வேற ஒண்ணும் இல்ல,” என்றாள்.

“தெரியும்லா. ஸ்கூல்ல எனக்கும் உன்மேல இருந்துச்சு, எப்பப் பாத்தாலும் நீயே மொதல்ல வந்தா இருக்காதா.” ஷிரீன் தேத்தாரேயை அவள் பக்கம் நகர்த்தினாள். “இப்ப இல்ல.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் ‘இப்ப இல்ல’ என்பது, வண்டி ஓட்டித் திரும்பி வரும் வழியெல்லாம் வாசுகியைக் குத்திக்கொண்டே வந்தது. என்மேல் பொறாமைப்பட இப்போது ஒன்றும் இல்லையா என்று ஒரு முறை வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலிருந்தும் பொறாமையைத்தான் சுமந்துகொண்டு வருகிறோம் என்று தெரிந்தபோது, சாலையோரம் காரை நிறுத்தி அழுதாள்.

அன்று சாயங்காலமே ரூபேந்திரனுக்கு எழுதினாள். முதலில் எழுதியது பாதிக் குறிப்பு என்றும், மீதியைத் தெரிந்தே விட்டதாகவும், காரணம் அறியாமையல்ல, பொறாமை என்றும் எழுதினாள். தாயத்து என்ற சொல்லைப் பற்றித் தான் எழுதிய வரி தவறு மட்டுமல்ல, அசிங்கம் என்று எழுதினாள். வலைத்தளத்தில் அந்தப் படத்தின் கீழேயும் தன் பெயரைப் போட்டு, அந்தச் சொல்லைத் தேர்ந்தவள் தான்தான், ஷிரீன் அல்ல என்று நாலு வரி எழுதினாள். ஆயிரம் பேர் சிரித்த இடத்தில் அதைப் படித்தவர்கள் பதினோரு பேர்.

நிறுவனம் பன்னிரண்டு பாகத்திலும் சொல்லை மாற்றியது. கிழவி இப்போது ‘என் தாயத்தைத் தொடாதே’ என்கிறாள். அந்த வரியைப் படித்தால் மயிர் கூச்செறியும். சொற்பட்டியல் திரும்பவும் ஷிரீனிடம் போனது. ரூபேந்திரன் வாசுகியை நிறுத்தவில்லை; ஆனால் பெரிய தொடர்கள் வருவது நின்றுபோனது. சமையல் நிகழ்ச்சிகளும் விலங்குகளைப் பற்றிய படங்களும் வருகின்றன. அவள் அவற்றைக் கவனமாகவே செய்கிறாள். பேச்சில் அக்கா என்ற சொல் அவனிடம் இன்னும் இருக்கிறது, குழைவு மட்டும் இல்லை.

ஷிரீனும் அவளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை. பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும்தான். சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவருமே கொஞ்சம் ஜாக்கிரதையாகிவிடுகிறார்கள்.

ஷிரீனின் புதுத் தொடர் எதுவானாலும், வெளியான அன்றே வாசுகி பார்த்துவிடுகிறாள். போன மாதம் நான்காம் பாகத்தில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. ‘க்’ விட்டுப்போயிருந்தது. படத்தை நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபேந்திரனுக்கு எழுதவில்லை. ஷிரீனுக்கு அனுப்பினாள். நன்றி, திருத்திட்டேன் என்று உடனே பதில் வந்தது. அன்று முழுக்க வாசுகிக்கு மனசு லேசாக இருந்தது. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.